இமையில் எடுத்த கட்டியும் குடும்பத்தில் தொடரும் புற்றுநோயும்

வாசகியின் கடிதம்

47 வயதான வாசகி ஒருவர் விரிவாக எழுதியிருந்த கடிதத்தின் சுருக்கம் இது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

ஒன்றரை ஆண்டுக்கு முன் அவருடைய இடது மேல் இமையில், விளிம்பை ஒட்டி, வலியில்லாத ஒரு சிறு கட்டி தோன்றியது. கண்கட்டி என்று சொல்லி ஒத்தடமும் களிம்பும் கொடுத்தார்கள். குறையாததால் இமையைப் புரட்டிச் சுரண்டி எடுத்தார்கள். ஐந்து மாதங்களில் அதே இடத்தில் திரும்ப வந்தது, மறுபடியும் சுரண்டினார்கள். இரண்டு முறையும் எடுத்த திசு பரிசோதனைக்குப் போகவில்லை. மூன்றாம் முறை வேறொரு மருத்துவர் கட்டியை முழுவதுமாக வெட்டியெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். “செபேசியஸ் அடினோமா (எண்ணெய்ச் சுரப்பிக் கட்டி), தீங்கற்றது, வெட்டிய ஓரங்களில் கட்டி இல்லை” என்று அறிக்கை வந்தது. அதன் கடைசி வரியில், கட்டியின் செல்களில் எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 ஆகிய புரதங்கள் காணப்படவில்லை என்றும், மரபணு ஆலோசனை பெறலாம் என்றும் எழுதியிருந்தது.

அந்தக் கடைசி வரியைப் பற்றித் தேடிப் படித்ததிலிருந்து அவர் தூங்கவில்லை. அவருடைய தாய் 48 வயதில் பெருங்குடல் புற்றுநோய் கண்டு இரண்டு ஆண்டுகளில் இறந்தார். அக்காவுக்கு 44 வயதில் கருப்பைப் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சைக்குப் பின் நலமாக இருக்கிறார். தாய்மாமன் ஐம்பதுகளில் வயிற்றுப் புற்றுநோயால் காலமானார். அண்ணன் ஒருவர் இருக்கிறார். சொத்துத் தகராறில் எட்டு ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லை. வாசகிக்கு 19 வயதில் மகளும் 14 வயதில் மகனும் உண்டு.

அவர் கேட்பவை இவை. உடலுக்குள் இருக்கும் புற்றுநோய்தான் இமைக்குப் பரவி வந்ததா? உடனே முழு உடல் பெட் ஸ்கேன் எடுத்துவிட்டால் தெரிந்துவிடுமா? முக அமைப்பிலும் உடல்வாகிலும் அப்பாவையே கொண்டிருப்பதால் அம்மாவின் நோய் தமக்கு வராது என்று நம்பலாமா? கன்னத்தில் உள்ள மஞ்சள் நிறச் சிறு பருக்களும் இதே வகைதானா? மரபணுச் சோதனை செய்தால் பிள்ளைகளின் நிம்மதியும் போய்விடாதா? அண்ணனிடம் சொல்லத்தான் வேண்டுமா? கடிதத்தின் இறுதியில், கையொப்பத்துக்கு மேலே, “ஆறு மாதமாக மாதவிடாய் தாறுமாறாக வருகிறது, இடையிலும் படுகிறது, இந்த வயதில் அது சகஜம்தானே” என்று ஒரு வரியும் இருந்தது.

மருத்துவரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி வரிதான். நான் இமை அறுவை சிகிச்சை செய்யும் கண் மருத்துவன்; ஆனாலும் பதிலை இமையிலிருந்து தொடங்காமல் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நாற்பதுகளின் பிற்பகுதியில் மாதவிடாய் முறை தவறுவது பலருக்கும் நேர்வதுதான். ஆனால் அக்காவுக்கு 44 வயதில் கருப்பைப் புற்றுநோய், அம்மாவுக்கு 48 வயதில் பெருங்குடல் புற்றுநோய், உங்கள் இமைக் கட்டியில் எம்.எஸ்.எச்.2 காணவில்லை என்ற மூன்றும் சேர்ந்திருக்கும்போது, “சகஜம்” என்ற சொல்லை ஒரு மகப்பேறு மருத்துவர் உங்களைப் பரிசோதித்த பிறகுதான் சொல்ல வேண்டும். நீங்களோ நானோ இப்போது சொல்லக்கூடாது. இந்த வாரத்திலேயே அவரைப் பாருங்கள். குடும்ப வரலாற்றையும் இமைக் கட்டியின் அறிக்கையையும் அவர் கேட்காவிட்டாலும் நீங்களே எடுத்துக் காட்டுங்கள். அவர் ஸ்கேன் மட்டும் பார்த்து அனுப்பிவிடாமல், கருப்பையின் உட்சவ்விலிருந்து சிறிது திசு எடுத்து ஆய்வுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். மாதவிடாய் இன்னும் நிற்காதவர்களுக்கு ஸ்கேனில் அந்தச் சவ்வின் தடிமனை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. பெரும்பாலும் புறநோயாளியாகவே, சில நிமிடங்களில் முடிகிற சோதனை அது. மரபணுச் சோதனையின் முடிவு வரட்டும் என்று இதைத் தள்ளிப்போட வேண்டாம். கருப்பைப் புற்றுநோய்க்கு இயற்கையே கொடுத்திருக்கும் ஒரு சலுகை, அது பெரும்பாலும் இரத்தப்போக்காக முன்கூட்டியே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது என்பது. அந்தச் சலுகையை நாம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

இனி இமைக்கு வருகிறேன்.

இமைக்கு எதுவும் பரவி வரவில்லை

நம் இமைகளின் விளிம்புக்குள் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. மேல் இமையில் சுமார் 30, கீழ் இமையில் அதைவிடச் சற்றுக் குறைவு. 17ஆம் நூற்றாண்டில் அவற்றை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் மைபோமின் பெயரால் மைபோமியன் சுரப்பிகள் என்கிறோம். இமை மயிர்களின் அடியிலும் இதே இனத்துச் சிறிய சுரப்பிகள் உண்டு. கண்ணீர் சீக்கிரம் உலர்ந்துவிடாமல் காக்கும் எண்ணெய்ப் படலம் இவற்றிலிருந்தே வருகிறது. இந்தச் சுரப்பிகளின் வாய் அடைபட்டு, உள்ளே தேங்கிய எண்ணெயைச் சுற்றி அழற்சி உண்டாவதே சாதாரணக் கண்கட்டி. சுரப்பியின் செல்களே தம் போக்கில் பெருகி உருவாவது கட்டி. உங்களுக்கு வந்தது இரண்டாவது வகை. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், முதல் முறை கண்கட்டி என்று நினைத்தவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நடுத்தர வயதைக் கடந்த ஒருவருக்கு, சுரண்டி எடுத்த அதே இடத்தில் மறுபடி வந்த கட்டியை ஆய்வகத்துக்கு அனுப்பாமல் விட்டது சரியல்ல. எங்கள் துறையில் முதலாண்டு மாணவருக்கே சொல்லித்தரும் பாடம் அது. நெரிசலான புறநோயாளிப் பிரிவில் அடிக்கடி மறந்துபோகும் பாடமும் அதுதான்.

உடலின் உள்ளுறுப்புப் புற்றுநோய் இமைக்குப் பரவுவது மிக அரிது. அப்படிப் பரவியிருந்தால் நுண்ணோக்கியில் குடல் செல்களோ மார்பகச் செல்களோ தெரிந்திருக்கும். உங்கள் அறிக்கையில் இருப்பவை எண்ணெய்ச் சுரப்பியின் செல்கள், அங்கேயே பிறந்தவை. ஆகவே உள்ளே எங்கோ இருக்கும் நோயின் கிளை அல்ல இது. பின் ஏன் அந்தக் கடைசி வரியை எழுதினார்கள்? இமையிலும் குடலிலும் கருப்பையிலும் தனித்தனியாகக் கட்டி உண்டாக்கக்கூடிய ஒரே பரம்பரைக் குறை உங்களிடம் இருக்கலாம் என்ற ஐயத்தால். ஒரே கிணற்றிலிருந்து மூன்று வாய்க்கால்கள் போவதுபோல. ஒரு வாய்க்காலின் நீர் இன்னொன்றுக்குள் பாய்ந்தது என்று கொள்ளக்கூடாது.

1960களின் இறுதியில், 1967இல் பிரிட்டனில் மியூர் என்பவரும் 1968இல் அமெரிக்காவில் டோரே என்பவரும், முகத்தில் பல தோல் கட்டிகளோடு உள்ளுறுப்புகளில் ஒன்றுக்கு மேற்பட்ட புற்றுநோய்களும் கொண்ட நோயாளிகளைத் தனித்தனியே விவரித்தார்கள். மியூர்–டோரே நோய்த்தொகுப்பு என்று பெயர் வந்தது. அதற்கும் வெகு முன்பே, 1895இல், அமெரிக்காவின் மிச்சிகனில் வார்தின் என்ற நோய்க்குறியியல் மருத்துவரிடம் தையல் வேலை செய்யும் ஒரு பெண், தம் குடும்பத்தில் எல்லோரும் குடலிலோ கருப்பையிலோ வரும் நோயால்தான் சாகிறார்கள், தாமும் அப்படியே சாகப்போவதாகச் சொன்னார், அப்படியே நடந்தது. அந்தக் குடும்பத்தை வார்தின் 1913இல் பதிவு செய்தார். பின்னர் அமெரிக்க மருத்துவர் ஹென்றி லிஞ்ச் அந்தப் பணியைத் தொடர, அவர் பெயரால் லிஞ்ச் நோய்த்தொகுப்பு என்று வழங்கலாயிற்று. மியூர்–டோரே என்பது பெரும்பாலும் இந்த லிஞ்ச் நோய்த்தொகுப்பின் இன்னொரு முகமே என்று 1990களில் மரபணுக்களைக் கண்டறிந்த பிறகு தெளிவானது.

செல் பிரியும்போதெல்லாம் அதன் டி.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது. படியெடுப்பில் பிழைகள் விழும். அவற்றைப் பார்த்துத் திருத்தும் மெய்ப்புத் திருத்துநர் போன்ற முக்கியப் புரதங்கள் நான்கு: எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6. இவற்றில் ஒன்றுக்கான மரபணுவில் பரம்பரையாக வரும் குறையே லிஞ்ச் நோய்த்தொகுப்புக்குக் காரணம். முதல் இரண்டும் ஒரு ஜோடி, மற்ற இரண்டும் ஒரு ஜோடி. எம்.எஸ்.எச்.2 இல்லாமல் போனால் அதன் துணையான எம்.எஸ்.எச்.6-ம் நிலைக்காது, உங்கள் அறிக்கையில் இரண்டும் சேர்ந்து காணாமல் போயிருப்பதன் பொருள் அதுவே. மியூர்–டோரே குடும்பங்களில் மிகப் பெரும்பாலும் குறை இருப்பது இந்த எம்.எஸ்.எச்.2 மரபணுவில்தான்.

தீங்கற்றது என்றால் என்ன, தீங்கானது என்றால் என்ன

“நல்லவேளை, புற்றுநோய் இல்லை” என்று நீங்கள் முதலில் மகிழ்ந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இமையைப் பொறுத்தவரை அந்த மகிழ்ச்சி நியாயமானது. எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்றுநோயான செபேசியஸ் கார்சினோமா மோசமான நோய். விளிம்பின் மேல்தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் படர்ந்து, காதுக்கு முன்புறமுள்ள நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவக்கூடியது. உங்களுக்கு வந்தது அதுவல்ல.

ஆனால் பரம்பரைக் குறையைச் சுட்டிக்காட்டும் விஷயத்தில் கதை தலைகீழ். இமையில் ஒற்றையாக வரும் செபேசியஸ் கார்சினோமா பெரும்பாலானவர்களுக்குத் தற்செயலாக வருவது; பரம்பரைத் தொடர்பு சிலரிடம் மட்டுமே இருக்கும். செபேசியஸ் அடினோமா எனும் சாதுவான கட்டி அரிதானது. மியூர்–டோரேயின் தனி அடையாளமாகக் கருதப்படுவதும் அதுதான். சாதுவான கட்டி என்பதால் அறிக்கையை மடித்து உள்ளே வைத்துவிட்டு அந்தக் கடைசி வரியை மறந்துவிடுபவர்கள் உண்டு. நீங்கள் மறக்காதது நல்லது.

கன்னத்துப் பருக்களைப் பற்றிக் கேட்டீர்கள். நடுவில் குழிவுள்ள மஞ்சள் நிறச் சிறு பருக்கள் நெற்றியிலும் கன்னத்திலும் நடுவயதில் பலருக்கும் வரும். அவை சுரப்பிகளின் வெறும் பெருக்கம், கட்டி அல்ல. அவற்றை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. தோல் மருத்துவர் ஒருமுறை கருவி வைத்துப் பார்த்து, தனித்துத் தெரியும் எதையாவது எடுத்துச் சோதிக்க விரும்பினால் சம்மதியுங்கள். இரண்டாவதாக ஓர் அடினோமா கிடைத்தால் ஐயம் மேலும் வலுக்கும்.

கட்டியில் புரதம் இல்லை என்பதே பரம்பரை நோய்க்கான தீர்ப்பும் அல்ல. பரம்பரைக் குறை ஏதும் இல்லாதவர்களின் எண்ணெய்ச் சுரப்பிக் கட்டிகளிலும், அந்தக் கட்டிக்குள் மட்டும் நேர்ந்த மாற்றத்தால், இந்தப் புரதங்கள் காணாமல் போவது குறிப்பிடத்தக்க அளவில் உண்டு. உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்களிடமும் இத்தகைய கட்டிகள் வருகின்றன. அதனால், யாருக்கு மரபணுச் சோதனை தேவை என்று முடிவு செய்ய ஓர் எளிய மதிப்பெண் முறையை மருத்துவர்கள் பின்பற்றுகிறார்கள்: 60 வயதுக்கு முன் முதல் கட்டி வந்திருந்தால் 1, இரண்டோ அதற்கு மேற்பட்ட கட்டிகளோ இருந்தால் 2, தமக்கே லிஞ்ச் வகைப் புற்றுநோய் வந்திருந்தால் 1, குடும்பத்தில் வந்திருந்தால் 1. கூட்டுத்தொகை 2 அல்லது அதற்கு மேல் வந்தால் சோதனை தேவை. அதே இடத்தில் திரும்பி வந்ததை ஒரே கட்டியாகக் கொண்டாலும் உங்களுக்கு 2 வருகிறது. அதற்கு மேல் புரதச் சோதனையின் முடிவும் இருக்கிறது. எனவே சோதனை செய்துகொள்ளலாமா என்ற கேள்விக்கு என் பதில், செய்துகொள்ளுங்கள் என்பதே.

பெட் ஸ்கேன் ஏன் வேண்டாம்

“எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட்டால் நிம்மதி” என்று நீங்கள் நினைப்பது இயல்பு. ஆனால் பெட் ஸ்கேன் அந்த நிம்மதியைத் தராது. சர்க்கரையை வேகமாக உறிஞ்சும் அளவுக்கு வளர்ந்த கட்டியையே அது காட்டும். சில மில்லிமீட்டர் அளவுள்ள குடல் முளையையும் (பாலிப்), கருப்பை உட்சவ்வின் தொடக்க மாற்றத்தையும் அது தவறவிடும். மறுபுறம், மாதவிடாய் நிற்காத பெண்ணின் கருப்பையும் சூலகமும் சுழற்சியின் சில நாட்களில் இயல்பாகவே அதில் ஒளிரும். அதைத் துரத்திக்கொண்டு தேவையற்ற சோதனைகள் தொடரும். இரத்தத்தில் பார்க்கும் புற்றுநோய்க் குறியீடுகளும் இந்த வேலைக்கு உதவாதவை.

உங்களுக்குத் தேவை கொலோனாஸ்கோபி, அதாவது கேமரா பொருத்திய குழாயை ஆசனவாய் வழியே செலுத்திப் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் சோதனை. லிஞ்ச் நோய்த்தொகுப்பில் கட்டிகள் பெருங்குடலின் வலப்பக்கத்தில், அதாவது தொடக்கப் பகுதியில், வருவது அதிகம். ஆகவே குடலின் கடைசிப் பகுதியை மட்டும் பார்க்கும் குறுகிய சோதனை போதாது. முழுப் பெருங்குடலையும் பார்க்க வேண்டும். ஸ்கேன் எதையாவது காட்டுவதோடு நின்றுவிடும். கொலோனாஸ்கோபியிலோ கண்ணில் படும் முளையை அங்கேயே வெட்டியெடுத்துவிடலாம். பொதுவாக ஒரு முளை புற்றாக மாறப் பத்து ஆண்டுகள் போல ஆகும்; லிஞ்ச் குடும்பங்களில் ஓரிரு ஆண்டுகளிலேயே மாறிவிடக்கூடும். அதனால்தான் இவர்களுக்கு ஒன்று முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்தச் சோதனை. ஃபின்லாந்தில் இத்தகைய குடும்பங்களை 15 ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது, முறையாகக் கொலோனாஸ்கோபி செய்துகொண்டவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் பாதிக்கும் கீழாகக் குறைந்திருந்தது. உங்கள் தாய்க்கு 48 வயதில் வந்தது என்ற ஒரு காரணமே போதும். மரபணுச் சோதனை முடிவு எதுவாக இருந்தாலும் உங்களுக்கு முதல் கொலோனாஸ்கோபிக்கான நாள் கடந்துவிட்டது.

மரபணுச் சோதனை: யாருக்கு முதலில்?

“அப்பா ஜாடை, அதனால் அம்மா நோய் வராது” என்ற நம்பிக்கையை நான் அடிக்கடி கேட்கிறேன், படித்தவர்களும் சொல்கிறார்கள். முகத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் வேறு, பிழை திருத்தும் மரபணுக்கள் வேறு. ஒன்றைப் பார்த்து மற்றதைச் சொல்ல முடியாது. இந்தக் குறை தாயிடமோ தந்தையிடமோ இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணாயினும் பெண்ணாயினும், பாதிக்குப் பாதி வாய்ப்பு. மூத்த பிள்ளைக்கு வந்துவிட்டதால் இளையவர் தப்பினார் என்பதும் இல்லை. ஒவ்வொரு முறையும் நாணயத்தைப் புதிதாகச் சுண்டிவிடுவதுதான்.

பலரும் எண்ணிப் பார்க்காத ஒரு யோசனை: உங்களோடு சேர்த்து, முடிந்தால் உங்களுக்கு முன்பாகவே, அக்கா சோதனை செய்துகொள்வது நல்லது. புற்றுநோய் வந்தவரிடம் குறையைக் கண்டுபிடித்துவிட்டால், மற்றவர்களிடம் அந்த ஒரே இடத்தை மட்டும் பார்த்தால் போதும். “இல்லை” என்று வரும்போது அந்த “இல்லை”யை முழுமையாக நம்பலாம். அக்காவின் கருப்பைக் கட்டியின் திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டை ஆய்வகத்தில் இன்னும் இருக்கக்கூடும். அதிலும் இதே நான்கு புரதங்களைப் பார்க்கச் சொல்லலாம். உங்கள் இமைக் கட்டியின் கட்டையையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கி, இமைக் கட்டிகளில் அனுபவமுள்ள இன்னொரு நோய்க்குறியியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அடினோமாவையும் தொடக்க நிலை கார்சினோமாவையும் பிரித்தறிவது சில நேரங்களில் கடினம். அப்படிக் கேட்பதை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். நோயாளியாக அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

சோதனைக்கு முன் மரபணு ஆலோசகரோடு பேசுங்கள். முடிவு மூன்று வகையில் வரலாம். குறை உறுதியாகலாம். குறை காணப்படாமல் போகலாம். குடும்பத்தில் வேறு யாரிடமும் இன்னும் கண்டுபிடிக்காத நிலையில் அது முழு விடுதலை ஆகாது, குடும்ப வரலாற்றை வைத்துக் கண்காணிப்பு தொடரும். மூன்றாவதுதான் பொறுமையைச் சோதிப்பது: மாற்றம் ஒன்று இருக்கிறது, ஆனால் அது தீங்கானதா என்று சொல்ல இப்போதைக்குத் தெரியவில்லை என்று வருவது. அதை வைத்து யாரும் கருப்பையை எடுக்கும் முடிவுக்குப் போகக்கூடாது. சோதனை முடிவை ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். கையெழுத்திடும் முன் அதையும் ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உறுதியானால் என்ன?

எம்.எஸ்.எச்.2 குறை உள்ள பெண்களுக்கு 75 வயதுக்குள் பெருங்குடல் புற்றுநோய்க்கும் கருப்பைப் புற்றுநோய்க்கும் வாய்ப்பு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே, ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது முதல் ஐம்பது வரை. சூலகம், சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய், வயிறு, சிறுகுடல் ஆகியவற்றுக்கும் ஓரளவு கூடுதல் வாய்ப்பு உண்டு. தாய்மாமனின் வயிற்றுப் புற்றுநோய் இந்த வரிசையில் பொருந்தக்கூடியதே. எண்கள் அச்சுறுத்துபவைதான். ஆனால் அவை, இவ்விரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும் நூறு பேரில் பாதிப் பேருக்காவது அது வராமலே போகலாம் என்றும் சொல்கின்றன. வந்தாலும் கண்காணிப்பில் உள்ளவர்களுக்குத் தொடக்கத்திலேயே பிடிபடுகிறது என்பதை அவை சொல்வதில்லை.

பிள்ளைப்பேறு முடிந்த பெண்கள் கருப்பையையும் சூலகங்களையும் எடுத்துவிடுவது ஒரு வழி. அந்த உறுப்புகளின் புற்றுநோயைத் தடுப்பதில் அதற்கு நிகரானது வேறில்லை. உடனடியாக மாதவிடாய் நின்றுபோவதன் தொல்லைகளும் எலும்பு தேய்வும் அதன் விலை. உங்கள் வயதில் அந்த விலை குறைவு என்பது என் கருத்து, முடிவு உங்களுடையது.

ஆஸ்பிரின் பற்றியும் நீங்கள் படித்திருக்கக்கூடும். லிஞ்ச் குறை உள்ள 861 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வில், நாளுக்கு 600 மில்லிகிராம் வீதம் இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் உட்கொண்டவர்களுக்கு, பத்தாண்டுப் பின்தொடர்தலில் பெருங்குடல் புற்றுநோய் குறைந்திருந்ததாக 2020இல் வெளியான முடிவு சொல்கிறது. இது நல்ல செய்தி. ஆனால் இரத்தப்போக்கின் காரணம் தெரியும்வரை நீங்களாக ஆஸ்பிரினைத் தொடவேண்டாம். அதன் பிறகும் குடல் புண், இரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து மருத்துவர் சொன்னால் மட்டுமே.

இமையை மறக்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இமையைப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கிடையில் விளிம்பு தடித்தாலோ, அந்த இடத்தில் இமை மயிர் உதிர்ந்தாலோ, ஒரு கண் மட்டும் வாரக்கணக்கில் சிவந்தே இருந்தாலோ, காதுக்கு முன் முடிச்சு தட்டுப்பட்டாலோ காத்திருக்காதீர்கள். புதிதாக எது வந்தாலும் “கண்கட்டி” என்று சுரண்டி எறிய அனுமதிக்காதீர்கள். எடுத்த துணுக்கு ஆய்வகத்துக்குப் போகிறதா என்று நீங்களே கேளுங்கள். பயாப்ஸி செய்ததால் கட்டி கோபித்துக்கொண்டு புற்றாக மாறும் என்று யாராவது சொன்னால், அதற்கு ஆதாரம் இல்லை.

பிள்ளைகளும் அண்ணனும்

பிள்ளைகளின் நிம்மதியைப் பற்றிய உங்கள் கவலை புரிகிறது. 14 வயது மகனுக்கு இப்போது எந்தச் சோதனையும் தேவையில்லை. சிறு வயதில் தெரிந்துகொண்டு செய்யக்கூடியது எதுவும் இல்லாததால், வளர்ந்த பிறகு அவரே முடிவெடுக்கட்டும் என்று விடுவதுதான் வழக்கம். 19 வயது மகள் சட்டப்படி வளர்ந்தவர். உங்களிடம் குறை உறுதியானால், அவரிடம் சொல்லிவிடுங்கள். சோதனையைச் செய்துகொள்வதும், தெரிந்துகொள்ள விரும்பாமல் இருப்பதும் அவருடைய உரிமை. எம்.எஸ்.எச்.2 குடும்பங்களில் கொலோனாஸ்கோபி 20 முதல் 25 வயதுக்குள் தொடங்குவதால், யோசிக்க அவருக்குக் கொஞ்சம் காலம் இருக்கிறது.

அண்ணன் விஷயத்தில் நான் உங்கள் பக்கம் முழுமையாக நிற்க முடியாது. “அவருக்கு ஏன் நான் சொல்ல வேண்டும்” என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அனுமதியில்லாமல் எந்த ஆலோசகரும் அவரிடம் பேசப்போவதில்லை. அந்த இரகசியம் உங்களுடையது. ஆனால் அவருக்கும் அதே பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண்களுக்குக் கருப்பை இல்லையே தவிர, குடல் உண்டு. அவருக்கும் உங்கள் தாய் இறந்த வயது நெருங்கியிருக்கும் அல்லது கடந்திருக்கும். சமாதானம் பேசவோ, சொத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவோ தேவையில்லை. மரபணுத் துறையில் இதற்கென்றே உறவினர்களுக்கான கடித மாதிரி வைத்திருப்பார்கள். அக்கா மூலமாகவும் அனுப்பலாம். நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

“அண்ணா, என் இமையில் எடுத்த ஒரு கட்டியைச் சோதித்ததில், அம்மாவுக்கும் அக்காவுக்கும் வந்த நோய் நம் குடும்பத்தில் பரம்பரையாக வருவதாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். உங்களுக்கும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கொலோனாஸ்கோபி செய்துகொள்வது பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். என் அறிக்கையின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். பதில் எழுத வேண்டும் என்று இல்லை.”

மரபணு முடிவு வந்த பிறகு, அந்தத் தாளின் நகலையும் அதே உறையில் அனுப்பிவிடுங்கள். மகப்பேறு மருத்துவரிடம் போவதற்கு மட்டும் அந்த முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம்.